ரெண்டு விரக்கடை

என் மூஞ்சியப் பாத்தா கோர்ட்டுக்குப் போயிட்டு வர்ற ஆளாட்டம் இருக்குதுங்களா? இல்லைங்களே? ஆனா அங்கிருந்துதான் வர்றேன். காலையில கூண்டுல ஏத்துனாங்க, மத்தியானத்துக்கு முன்னாடி இறக்கி விட்டுட்டாங்க. சாட்சிதானுங்க. குத்தவாளி இல்லை. அதை மொதல்லயே சொல்லிப்போடறேன். நாளைக்கு நீங்க யார்கிட்டயாவது பேசறப்ப, கோத்தகிரி பஸ்ல ஒரு கேஸ்காரனோட உக்காந்து வந்தேன்னு சொல்லிடக் கூடாது பாருங்க.

மேட்டுப்பாளையம் வரைக்குமுங்களா? நல்லதாப் போச்சு. தூக்கம் வந்தா தூங்குங்க, நான் ஒண்ணும் தப்பா நெனைக்க மாட்டேன். ஆனா எனக்கு இன்னைக்கு யார்கிட்டயாவது சொல்லியாகணுமுங்க. வூட்ல சொல்ல முடியறதில்லை. அது ஏன்னு அப்புறம் வர்றேன்.

எம் பேரு அங்கமுத்து. கோயமுத்தூர் சுந்தராபுரத்துல பட்டறை. போர்டு கெடையாது. தேவைப்படறவங்க கேட்டுக் கேட்டு வந்து சேந்துருவாங்க. கேரளாவுல இருந்து வருவாங்க, பெங்களூர்ல இருந்து வண்டிய லாரியில ஏத்தி அனுப்புவாங்க. என்ன வேலைன்னா, டர்போ இல்லாத வண்டிக்கு டர்போ வெக்கறது. அதுக்கு வேணுங்கற பைப்பு, பைப்பை போல்ட்டுப் போட்டுச் சேக்கற ஃப்ளேஞ்சுத் தகடு எல்லாம் செஞ்சு மாட்டறது.

டர்போங்கறது ஒண்ணும் மாயமில்லைங்க. இன்ஜின்ல இருந்து புகை வெளிய போகுது பாருங்க, அந்த வேகத்துல ஒரு சின்னச் சக்கரம் சுத்தும். அது இன்னொரு சக்கரத்தைச் சுத்த வெக்கும். அந்த ரெண்டாவது சக்கரம் காத்தை அமுக்கி இன்ஜினுக்குள்ள திணிக்கும். காத்து நெறயப் போனா பெட்ரோல் நெறய எரியும், வண்டி பாயும். அவ்வளவுதான். கம்பெனியிலயே வெச்சு வர்ற வண்டிக்குப் பிரச்சனையில்லை. இல்லாத வண்டிக்கு வெக்கணும்னா எந்தக் கடையிலயும் பார்ட்டு கெடைக்காது. அந்த ஒரு வண்டிக்குன்னு அளவெடுத்துச் செய்யணும். சட்டை தைக்கறாப்லதான். என்ன, இந்தச் சட்டை நெருப்பாட்டம் காயும். நல்லா முறுக்குனா பைப்பு செவந்தே போகுமுங்க. நான் கண்ணால பாத்திருக்கேன்.

பைப்பு வேலை என்னுது. இன்ஜின் வேலையும் கம்ப்யூட்டர்ல பெட்ரோல் அளவு வெக்கற வேலையும் மயில்சாமியுது. மயில்சாமி யாருன்னா என் சம்சாரத்தோட தம்பி. என் மச்சினன். பதினஞ்சு வருசம் ஒண்ணா இருந்தோமுங்க, ஒரே தட்டுல சாப்பிடலைங்கறது ஒண்ணுதான் பாக்கி. இன்னைக்கு அவன் ஓசூர்ல எங்கயோ இருக்கறான். ஃபோன் பண்ணா எடுக்கறதில்லை. நான் பண்ணாலும் எடுக்கறதில்லை, அவங்க அக்கா பண்ணாலும் எடுக்கறதில்லை. அவன் எனக்குப் பண்ணது சரியா தப்பான்னு நீங்களே கடைசியில சொல்லுங்க.

போன வருசம் தை மாசம் ஒருத்தர் வந்தாரு. போஜராஜன்னு பேரு. கோத்தகிரிப் பக்கம் ஒரு ஹட்டி, படுகர் கிராமமுங்க, அதுதான் சொந்த ஊரு, வேலை கோயமுத்தூர்ல, ஒரு பம்பு கம்பெனியில டெஸ்டிங்ல. முப்பத்தஞ்சு வயசு இருக்கும். அவங்கப்பா வெச்சிருந்த பழைய கார், பதினெட்டு வருசத்து வண்டி. துடைச்சுத் துடைச்சு வெச்சிருந்தாரு. "அண்ணா, வாராவாரம் மலைக்குப் போறேன். ஏத்தத்துல வண்டி சொணங்குது. லாரிக்குப் பின்னாடியே போக வேண்டியிருக்குது. இதை விக்க மனசில்லை. ஏதாவது செய்ய முடியுங்களா?"ன்னு கேட்டாரு.

கையில ஒரு நோட்டு வெச்சிருப்பாருங்க. எதைச் சொன்னாலும் எழுதிக்குவாரு. டெஸ்டிங்காரர் இல்லையா. இது எத்தனை மில்லி, இது என்ன இரும்பு, இது எவ்வளவு சூடு தாங்கும். சில பேரு கேட்டா எரிச்சல் வரும். இவரு கேட்டா வராது. நம்ம வேலைய மதிச்சுக் கேக்கறாருன்னு தெரியும்.

நாலு மாசம் அந்த வண்டி என் பட்டறையில இருந்துச்சு. அந்த வண்டியில ஒரு சிக்கல் என்னன்னா, புகை போற வழி இன்ஜினுக்குப் பின்பக்கம். அதாவது டிரைவர் கால் வெக்கற எடத்துக்கு முன்னாடி ஒரு தகட்டுச் சுவர் இருக்குது பாருங்க, அதுக்கும் இன்ஜினுக்கும் நடுவுல. அங்க கையே நுழையாது. அந்தச் சந்துக்குள்ள டர்போவை உக்கார வெக்கணும், அதுல இருந்து கீழ ரெண்டரை இஞ்சுப் பைப்பை இறக்கணும். நான் அட்டையில மாதிரி வெட்டி வெச்சுப் பாத்தேன். வெல்டிங் கம்பிய வளைச்சு வளைச்சுப் பைப்பு போற வழியப் பாத்தேன். இன்ஜினை ரெண்டு வாட்டி இறக்கி ஏத்துனோம்.

ரெண்டு வழி இருந்துச்சுங்க. ஒண்ணு, சுத்தி வளைச்சு, ரெண்டு எடத்துல ஒடிச்சுக் கொண்டு போறது. பாக்கவே நல்லா இருக்காது. புகையும் முட்டி முட்டிப் போகும். இன்னொண்ணு, தகட்டுச் சுவரை ஒட்டி ஒரே வளைவா இறக்கறது. தண்ணி இறங்கறாப்ல இறங்கும். பைப்பைக் கேக்குத் துண்டாட்டம் பதினேழு துண்டா வெட்டி, ஒண்ணோட ஒண்ணு ஒட்ட வெச்சு, உள்ளயும் கேஸ் விட்டு வெளியவும் கேஸ் விட்டு ஆர்கன் வெல்டு போட்டேன். பதினேழு துண்டுங்க! எங்க சேந்துதுன்னு தடவிப் பாத்தாத்தான் தெரியும். ஆர்கன் வெல்டு சரியா விழுந்துச்சுன்னா அந்த ஸ்டெயின்லெஸ் பைப்புல ஒரு நெறம் வருமுங்க. நடுவுல தங்கம், அப்புறம் செம்பு, ஓரத்துல ஊதா, அதுக்கும் ஓரத்துல நீலம். போஜராஜன் அதைக் கையில வாங்கிக் குழந்தைய வெச்சிருக்கறாப்ல வெச்சிருந்தாரு. "அண்ணா, இதை உள்ள வெச்சு மூடப் போறோமா?"ன்னாரு. எனக்குக் கண்ணுல தண்ணி வந்திருச்சுங்க. பொய் சொல்லலை.

அந்த வழியில ஒரே ஒரு விசயம். தகட்டுச் சுவர்ல பிரேக் பைப்பு ரெண்டு ஓடுது. ரெண்டும் பக்கத்துல பக்கத்துல. என் பைப்பு அதுக்குப் பக்கமா இறங்குச்சு. ரொம்பப் பக்கமெல்லாம் இல்லைங்க. ரெண்டு விரக்கடை. இந்தா, இவ்வளவு. ரெண்டு விரக்கடைங்கறது ஒரு எடந்தானுங்களே?

மயில்சாமி பாத்துட்டுச் சொன்னான், "மச்சா, இது ஆகாது. சூடு பிரேக் பைப்புக்கு இறங்கும். உள்ள இருக்கற ஆயில் கொதிச்சா பெடல் உள்ள போயிரும். பிரேக் பைப்பைக் கழட்டித் தள்ளி ஓட்டுவோம், ரெண்டு நாள் வேலை"ன்னான். இல்லாட்டி சூடு தாங்கற துணி ஒண்ணு இருக்குதுங்க, கோணிச் சாக்குக் கலர்ல ரோலா வரும், அதைப் பைப்பு முழுக்கச் சுத்திருவோம்னான். ரோலு வாங்கியே வந்துட்டான்.

நான் வேண்டாம்னுட்டேன். அந்தத் துணியச் சுத்துனா அப்புறம் என்ன தெரியும் சொல்லுங்க? பதினேழு துண்டு போட்டவனும் சாக்குத் துணிதான், நாலு துண்டு போட்டவனும் சாக்குத் துணிதான். அதுவுமில்லாம ஈரம் புடிச்சா துணிக்கடியில பைப்பு அரிக்கும். அது உண்மைங்க, யார்கிட்ட வேணும்னாலும் கேளுங்க. பிரேக் பைப்பை மாத்தறதுக்கு ரெண்டு நாள் ஆகும். அந்த ஞாயித்துக்கிழமை மலைக்குப் போகணும்னு அவரு சம்சாரத்துகிட்டச் சொல்லி வெச்சிருந்தாரு. சொன்ன நாளைக்கு வண்டி குடுக்கறவன் நான்.

அவங்க சம்சாரம் பேரு ஹேமா. ரெண்டு வாட்டி பட்டறைக்கு வந்திருக்குது. வர்றப்ப ஊட்டி வர்க்கி வாங்கிட்டு வரும், எல்லாருக்கும் டீ சொல்லச் சொல்லும். சிரிச்ச மொகம். ஒரு நாள் என்கிட்டக் கேட்டுச்சு, "ஏங்கண்ணா, எனக்கு ஏர்றப்ப ஒண்ணும் ஆகறதில்லை, இறங்கறப்பத்தான் வாந்தி வருது. அதுக்கு எதாச்சும் பைப்பு வெப்பீங்களா?" நாங்க எல்லாருமே சிரிச்சோம். "இது ஏர்றதுக்கு மட்டுந்தான் அம்மிணி"ன்னேன். உண்மைதானுங்க. நாலு மாசமா நாங்க பேசுனது அத்தனையும் ஏர்றதப் பத்தித்தான்.

போஜராஜனும் கேட்டாரு. அவரு எதைக் கேக்காம விட்டாரு? வண்டிக்கடியில படுத்துப் பாத்துட்டு, "அண்ணா, பிரேக் பைப்பு பக்கத்துல இருக்கே, பரவாயில்லைங்களா?"ன்னாரு. "நான் இருக்கறனில்ல தம்பி, நான் பாத்துக்கிட்டேன்"ன்னேன். நோட்டுல எழுதிக்கிட்டாரு.

வெள்ளிக்கிழமை ஓட்டிப் பாத்தோம். பைபாஸ்ல மயில்சாமி ஓட்டுனான். அப்படி ஒரு இழுப்புங்க, முதுகு சீட்டோட ஒட்டிக்குது. பதினெட்டு வருசத்து வண்டின்னு சொன்னா நம்ப மாட்டீங்க. ஓரமா நிறுத்திச் சித்த நேரம் பேசிக்கிட்டு இருந்துட்டு மறுபடி எடுத்தான். எடுத்தவன் ஒரு மாதிரி ஆயிட்டான். "மச்சா, பெடல் பஞ்சாட்டம் இறங்குது"ன்னான். நான் வாங்கி மிதிச்சுப் பாத்தேன். ஆமா, சித்த இறங்குச்சு. பட்டறைக்கு வர்றதுக்குள்ள சரியாயிருச்சு. பிரேக் லைன்ல காத்து இருந்திருக்கும்னு நாலு சக்கரத்து பிரேக்குலயும் அந்தக் காத்தை எடுத்து விட்டு, புது பிரேக் ஆயில் ஊத்துனேன். பெடல் கல்லாட்டம் நின்னுச்சு. பாருங்க, கவனிக்காம விட்டவன் இதைச் செய்வானா? செஞ்சேன். மயில்சாமி மட்டும் மூஞ்சியத் தூக்கி வெச்சுக்கிட்டு, "காத்து இல்லை மச்சா, சூடு. நின்னதுக்கப்புறந்தான் இறங்குச்சு, ஓடறப்ப இல்லை"ன்னு முணுமுணுத்துக்கிட்டு இருந்தான். அவனுக்கு எப்பவும் ஒரு சந்தேகப் புத்தி.

சனிக்கிழமை வண்டி குடுத்தேன். ஞாயித்துக்கிழமை காலையில ரெண்டு பேரும் கிளம்பியிருக்காங்க. மேட்டுப்பாளையத்துல இருந்து ஏத்தம். எட்டே முக்காலுக்கு எனக்கு ஃபோன் பண்ணாரு. கோத்தகிரிக்குச் சித்த கீழ, அரவேணுல இருந்து. டீக்கடையில நிறுத்தியிருக்காராம். "அண்ணா, பறக்குதுங்கண்ணா! மூணாவது கியர்லயே ஏறிருச்சு. ரெண்டு பஸ்ஸு, ஒரு லாரி எல்லாத்தையும் தாண்டிட்டேன். ஹேமாவே நல்லா இருக்குன்னுட்டா." பின்னாடி அந்தப் புள்ளை ஏதோ சொல்லிச் சிரிக்கறது கேட்டுச்சு. ஊருக்கு மத்தியானம் போய்க்கலாம், இன்னொரு வாட்டி கீழ போயி ஏறி வரலாம்னு வண்டியத் திருப்பறோம்னாரு. நல்லாப் போயிட்டு வாங்கன்னேன்.

ஏறி வந்த சூட்டோட ஒரு பத்து நிமிசம் டீக்கடை முன்னாடி நின்னிருக்குது வண்டி. அப்புறம் இறங்கியிருக்காங்க. கீழ நாலாவது வளைவோ அஞ்சாவது வளைவோ. பெடலை மிதிச்சாராம், அடி வரைக்கும் போச்சாம். மறுபடி மறுபடி மிதிச்சாராம். கியரைக் குறைச்சிருக்காரு, ஹேண்ட் பிரேக்கை இழுத்திருக்காரு. வண்டி சுத்திக்கிட்டுப் போயி இடது பக்கம் தடுப்புச் சுவத்துல அடிச்சிருச்சு. இடது பக்கம் யாரு உக்காந்திருப்பாங்க? அந்தப் புள்ளைதான். அங்கயே போயிருச்சுங்க. ஆஸ்பத்திரிக்கெல்லாம் கொண்டு போகவே இல்லை. கொண்டு போனாங்க, ஆனா அது சும்மா.

அவருக்குத் தோள்பட்டை எலும்புதான் ஒடிஞ்சது.

நான் சேதி கேட்டதும் என்ன பண்ணேன்னு கேளுங்க. பயந்து ஓடலை. மறுநாளே போனேன். ஸ்டேசன்ல வண்டிய ஒரு வேப்பமரத்துக்கு... இல்லை, வேப்பமரம் மலையில ஏது, என்னமோ ஒரு மரம், அதுக்குக் கீழ போட்டிருந்தாங்க. நான்தான் வேலை செஞ்சவன், பாக்கணும்னு சொல்லிக் கெஞ்சி, டார்ச்சு வெச்சுக்கிட்டு அடியில படுத்தேன். எனக்கு நெஞ்சு அடிச்ச அடி இருக்குதே! வெல்டு விட்டிருக்குமோ, ஃப்ளேஞ்சு வெடிச்சிருக்குமோ, என் பைப்பு ஒடைஞ்சு ஏதாவது ஆயிருக்குமோன்னு. வண்டி அந்த அடி அடிச்சிருக்குது, கதவு உள்ள வந்திருக்குது, சக்கரம் திரும்பியிருக்குது. என் பைப்புல ஒரு கீறல் இல்லைங்க. பதினேழு துண்டுல ஒரு துண்டு விடலை. விரலால ஒவ்வொண்ணாத் தடவிப் பாத்தேன். வெளிய வந்தப்ப அங்க இருந்த போலீஸ்காரர் கேட்டாரு, "என்னய்யா சிரிக்கறே?"ன்னு. நான் சிரிச்சேனான்னு எனக்குத் தெரியலைங்க. அவரு அப்படித்தான் கேட்டாரு.

பிரேக் பைப்பைப் பாத்தீங்களான்னு கேப்பீங்க. பாத்தேன். பெயின்ட்டு சித்த பொரிஞ்சு இருந்துச்சு. அதைப் புடிச்சிருக்கற பிளாஸ்டிக் கிளிப்பு ஒண்ணு இளகித் தொங்கிக்கிட்டு இருந்துச்சு. பதினெட்டு வருசத்து வண்டிங்க. வெயில்லயும் மழையிலயும் கெடந்த வண்டி. அதுல எது எப்பப் பொரிஞ்சுதுன்னு யாரு கண்டாங்க?

அதுவுமில்லாம ரெண்டு நாள் கழிச்சு வண்டியச் சோதிக்கற அதிகாரி வந்து பாத்தாரு. பெடலை மிதிச்சாரு. கல்லாட்டம் நின்னுச்சு. பிரேக் நல்லா இருக்குதுன்னு எழுதிட்டாரு. ஆறிப்போனா நிக்கத்தானே செய்யும்னு மயில்சாமி ஃபோன்ல சொன்னான். அதிகாரி எழுதுனதுக்கு மேல இவன் என்னங்க? அப்ப வேகமா ஓட்டிப் பொண்டாட்டியச் சாகடிச்சதா அவரு மேல கேசு ஆயிருச்சு. பஸ்ஸையும் லாரியையும் தாண்டுனதைப் பாத்தவங்க இருந்தாங்க. அதுக்கு நான் என்ன பண்ண முடியும்?

சாவுக்குப் போனேன், மயில்சாமியும் வந்தான். தூரமாத்தான் நின்னேன். கையக் கட்டுப்போட்டு உக்கார வெச்சிருந்தாங்க அவரை. அந்தப் புள்ளையோட அண்ணன்மாரு ஒருத்தர்கூட அவரு பக்கம் திரும்பலை.

இப்பத்தான் மயில்சாமி விசயம் வருது. சாவுக்குப் போயிட்டு வந்ததுல இருந்து அவன் வேலைக்கே வரலை. ஒரு வாரம் கழிச்சு வந்தான். வந்தவன் உக்காரவே இல்லை. "மச்சா, போஜராஜனோட வக்கீலைப் பாத்து நடந்ததைச் சொல்லப் போறேன். பெடல் இறங்குனது, நான் சொன்னது, நீங்க சொன்னது, எல்லாம். அந்த மனுசன் பொண்டாட்டியும் போயி, தான்தான் கொன்னேன்னு வேற நெனைச்சுக்கிட்டு இருக்கறாரு"ன்னான்.

நான் சத்தம் போட்டேனுங்க. "ஏண்டா, என் வெல்டு விட்டுச்சா? காட்டு பாக்கலாம், எங்க விட்டுச்சு?"ன்னேன். "வெல்டு விடலை மச்சா. நீங்கதான் விட்டுட்டீங்க"ன்னான். பதினஞ்சு வருசம் கூட இருந்தவன் பேசற பேச்சா இது? எனக்கு வந்த கோவத்துல கையில இருந்த ஃப்ளேஞ்சை விட்டெறிஞ்சேன். அவன் மேல படலை. சுவத்துல பட்டுச்சு.

வூட்டுக்குப் போயி மரகதத்துகிட்டச் சொன்னேன். மரகதம் என் சம்சாரம். உன் தம்பி என்னை உள்ள தள்ளப் பாக்கறான்னேன். அவ அன்னைக்கே கிளம்பித் தம்பி வூட்டுக்குப் போயி, அவன் காலப் புடிச்சு அழுதிருக்கா. எம் புருசனை நீயே காட்டிக் குடுப்பியாடா, ரெண்டு பொட்டப் புள்ளைகளை வெச்சிருக்கேன்டான்னு.  மறு வாரம் அவன் வூட்டைக் காலி பண்ணிட்டு ஓசூர் போயிட்டான். வக்கீல்கிட்டயும் போகலை. அக்காளுக்காகப் போகலை. போகலைங்கறது சரி. ஆனா என்னைவிட்டுப் போனான் பாருங்க, அதுதான் எனக்கு ஆறலை. நான் என்னங்க கெடுதல் பண்ணேன் அவனுக்கு?

மரகதமும் இப்ப என்கிட்டப் பேசறதைக் குறைச்சுட்டா. சோறு போடுவா, வெளிய போயிருவா. ஒரு நாள் மட்டும் கேட்டா, "அந்த ரோலு துணி எங்கங்க?"ன்னு. தூக்கிப் போட்டுட்டேன்னேன். 

இன்னைக்குக் கோர்ட்டுக்கு வர்றேன். சர்க்கார் தரப்புச் சாட்சி. வண்டிய நல்ல நெலமையில குடுத்தீங்களான்னாங்க, குடுத்தேன்னேன். நான் வெல்டைப் பத்தி, உள்ளயும் கேஸ் விட்டு வெல்டு பண்றதப் பத்திச் சொல்ல ஆரம்பிச்சேன். ஜட்ஜம்மா கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கன்னுட்டாங்க. அப்புறம் போஜராஜனோட வக்கீல் எந்திரிச்சாரு. சின்ன வயசுதான், ஆனா விவரமா வந்திருந்தாரு.

"நீங்க செஞ்ச பைப்புக்கும் பிரேக் பைப்புக்கும் எவ்வளவு இடைவெளி?"

"போதுமான இடைவெளிங்க."

"எவ்வளவு?"

"போதுமானது இருந்துச்சுங்க."

ஒரு நோட்டை எடுத்தாரு. எனக்குப் பாத்ததும் தெரிஞ்சிருச்சு. அதுல இருந்து படிச்சாரு, "பிரேக் பைப்பு பக்கத்துல வருது. கேட்டேன். அண்ணன் பாத்துக்கிட்டார்." இது நடந்ததான்னாரு. அது அவரா எழுதுனதுங்க, எனக்கு எப்படித் தெரியும்னேன்.

"வெள்ளிக்கிழமை ஓட்டிப் பாத்ததா இந்த நோட்டுல இருக்கு. அப்ப பிரேக் பெடல் இறங்குச்சா?"

அப்ப எதிர்ல நின்னுக்கிட்டு இருந்த போஜராஜன் என்னையே பாத்துக்கிட்டு இருந்தாரு. கோவமாப் பாக்கலைங்க. டெஸ்டிங்ல மீட்டரைப் பாப்பாங்களே, முள்ளு எங்க வந்து நிக்குதுன்னு, அப்படிப் பாத்தாரு.

"ஞாபகமில்லைங்க"ன்னேன்.

ஞாபகமில்லைன்னு சொல்றது பொய்யாகாதுன்னு எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் சொல்லியிருக்காரு. இறங்குச்சுன்னு சொன்னா ஒரு மாதிரி. இறங்கலைன்னு சொன்னா அது பொய்யி. ஞாபகமில்லைன்னா அது ரெண்டுலயும் சேராது. உங்களுக்கு எப்படித் தோணுதுங்க? சரி, விடுங்க.

வெளிய வந்து எதுத்தாப்ல டீக்கடையில நின்னேன். ஒரு டீ வாங்குனேன். பின்னாடி, "அண்ணா"ன்னு கூப்பிட்டாரு. திரும்பிப் பாத்தா அவரு. எனக்கு ஒரு நிமிசம், அடிச்சுருவாருன்னு நெனைச்சேன். அடிச்சிருந்தாத் தேவலைங்க.

அடிக்கலை. பக்கத்துல வந்து நின்னாரு. ரொம்ப எளைச்சுட்டாரு. "அண்ணா, உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும். வக்கீல் அப்படிக் கேட்டதுக்கு மன்னிச்சுக்கங்க. அவருக்கு நான்தான் நோட்டைக் குடுத்தேன்"ன்னாரு. நான் பரவாயில்லைன்னேன். "ஒரு வருசமா என்னை நானே கேட்டுக்கிட்டு இருக்கேங்கண்ணா. பெடல் அடி வரைக்கும் போச்சு. அது மட்டும் நல்லாத் தெரியுது. ஆனா அது எந்தப் பெடலு? ஆக்சிலேட்டரும் அடி வரைக்கும் போகுமில்லைங்களா? புது வேகம், பயத்துல கால் மாறியிருக்கலாமில்லை? பெடல் முன்னாடியே இறங்கியிருந்தா உங்களுக்கு ஞாபகமிருக்கும். நீங்க வேலை விசயத்துல எதையும் மறக்கற ஆள் இல்லை. உங்களுக்கு ஞாபகமில்லைன்னா அப்படி ஒண்ணு நடக்கலை. அப்ப என் கால்தான்."

அப்படிச் சொன்னாருங்க. என் மேல அவ்வளவு நம்பிக்கை.

"அடுத்த வாய்தாவுல ஒத்துக்கலாம்னு இருக்கேங்கண்ணா. ஹேமா வூட்டுக்காரங்களுக்கு ஒரு பதிலாச்சும் கெடைக்கும்"ன்னாரு.

நான் வாயைத் தொறந்தேனுங்க. சத்தியமாத் தொறந்தேன்.  டீக்காரர், "இன்னொரு டீயா?"ன்னாரு. ஆமா, இவருக்கும் ஒண்ணுன்னேன். அப்புறம் டீ வந்துச்சு. குடிச்சோம்.

"மனசைப் போட்டு ஒழப்பிக்காதீங்க தம்பி. பயத்துல கால் மாறறது யாருக்கும் நடக்கறதுதான். வேணும்னேவா பண்ணீங்க?"ன்னேன். ஆறுதலாத்தான் சொன்னேன். அவரு என் ரெண்டு கையையும் புடிச்சுக்கிட்டு அழுதாருங்க, ரோட்டுல, எல்லாரும் பாக்க. இந்த ஒரு வருசத்துல இப்படி ஒரு வார்த்தை யாரும் சொல்லலைங்கண்ணான்னு.  

அப்புறம் இந்த பஸ்ஸு வந்துச்சு, ஏறிட்டேன்.

இதுல எங்க, நான் எங்க தப்பு பண்ணேன்னு சொல்லுங்க. இல்லை, இல்லை, இப்ப ஒண்ணும் சொல்லாதீங்க.

கண்டக்டரே! அந்த அரவேணு டீக்கடைகிட்டச் சித்த நிறுத்துங்க. டிக்கெட்டு மேட்டுப்பாளையந்தானுங்க, பரவாயில்லை. நான் இங்க இறங்கி நடந்து, அஞ்சு வளைவு தாண்டிக் கீழ அடுத்த பஸ்ஸைப் புடிச்சுக்கறேன். கேசுக்கு வந்த மூணு வாட்டியும் அப்படித்தான் போனேன். ஒண்ணுமில்லைங்க, இந்த வளைவுகள்ல டிரைவர் பிரேக்கை மிதிக்கறப்ப என்னோட வலது காலும் தானா மிதிக்குது. மிதிச்சா காலுக்கடியில ஒண்ணும் தட்டறதில்லை. கால் பாட்டுக்குப் போயிக்கிட்டே இருக்குது. நடந்து போனா அந்தத் தொல்லை இல்லை.

பையை அப்படி எடுத்துக் குடுங்க. நீங்க காலை நீட்டி உக்காந்துக்குங்க.